குண்டுத் தூசியும் அஞ்சலை வீட்டுப் பாலும்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டம். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாடியில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அது காற்றை உறிஞ்சி, அதில் கதிரியக்கம் இருக்கிறதா என்று தானே அளந்து, தலைமை இடத்துக்குத் தானே செய்தியும் அனுப்பிவிடுகிறது. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. அதைச் சுற்றிக் காட்டிய இளம் பொறியாளர், "நீங்க ஹைட்ரஜன் குண்டுத் தூசியைக் கையால பிடிச்சவராமே சார், எதுல பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"கோந்து தடவின காகிதத்துல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுதித் தாருங்கள் என்று அவர் பிறகு தனியாகக் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். பசிபிக் கடலில் ஹைட்ரஜன் குண்டு வெடித்ததும், வெகு தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியதும், அதில் இருந்தவர்கள் நோயில் விழுந்ததும் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டன. பழைய அணுகுண்டின் தூசி பெரும்பாலும் வெடித்த இடத்தைச் சுற்றி விழுந்தது. ஹைட்ரஜன் குண்டு அதைவிடப் பலமடங்கு பெரியது. அதன் தூசி மேகத்துக்கும் மேலே ஏறி, உலகத்தைச் சுற்றி, பல மாதங்கள் கழித்து எங்கெங்கோ மழையோடு இறங்குகிறது. அது நம் ஊரிலும் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் எங்களைப் போன்றவர்களை அங்கங்கே போட்டார்கள். எனக்குக் கிடைத்தது திண்டிவனம்.

பம்பாயில் உள்ள தலைமை ஆய்வுக்கூடத்தில் சில மாதம் பயிற்சி. கையைக் கழுவு, பாட்டில்மேல் ஊர்ப் பெயரை எழுது, வாயை மூடு. அங்கே கற்றது இவ்வளவுதான். மூன்றாவதைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார்கள்.

திண்டிவனத்தில் எங்கள் அலுவலகம் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் ஒரு மரச் சட்டம். அதில் கோந்துப் பக்கம் வானத்தைப் பார்க்கும்படி ஒரு காகிதத்தைப் பொருத்துவேன். மறுநாள் காலையில் எடுத்து, கோந்துப் பக்கம் உள்ளே போக மடித்து, உறையில் போட்டு, புதுக் காகிதம் வைப்பேன். பக்கத்தில் அகலமான ஒரு புனல். மழை பெய்தால் அதன் கீழே இருக்கும் பாட்டிலில் தண்ணீர் சேரும். இது தவிர கேப்பை, நெல், மரக்காணத்திலிருந்து மீன், அனந்தபுரத்துப் பக்கமிருந்து பசும்பால் எல்லாம் மாதிரிக்கு எடுக்க வேண்டும். பாலைக் காய்ச்சி வற்றவைத்து, மின் உலையில் போட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைத்தான் பம்பாய்க்கு அனுப்புவோம். தூசியில் ஸ்ட்ரான்சியம் என்று ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சத்து போகும் வழியிலேயே அது போகும். மழையில் இறங்கிப் புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து எலும்புக்கு. எலும்பில் உட்கார்ந்தால் லேசில் கிளம்பாது.

இதை ஊரில் யாரிடமும் விளக்கக் கூடாது என்பது உத்தரவு. விளக்காத வேலைக்கு ஊரே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொள்ளும். டீக்கடையில் நான் சி.ஐ.டி. மரக்காணத்தில் வரி போட வந்தவன். அங்கே நல்ல மீனைக் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு நாறிப்போனதைக் கொடுப்பார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா என் பெட்டியைக் கையால் தொடமாட்டார். "வழியில வெடிக்கிற சமாச்சாரம் எதுவும் இல்லியே சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். இல்லை என்று நான் சொல்வதை ஒரு தடவைகூட நம்பவில்லை.

என் மேலதிகாரி தணிகாசலம் சார். நெட்டையான மனிதர், எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை. குண்டு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது, 'தூசி' என்பார். பெரிய வெடி வெடித்ததாகப் பத்திரிகையில் வந்தால், "கொஞ்ச நாள்ல தூசி வரும், கோந்தைப் புதுசாக் கரைச்சுக்கோ" என்பதோடு சரி. பம்பாயிலிருந்து முடிவுகள் அவருக்கு மட்டும் வரும். படிப்பார், பீரோவில் வைத்துப் பூட்டுவார், சாவியைப் பூணூலில் முடிந்துகொள்வார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்டால், "வழக்கம்போலத்தான்" என்பார். வழக்கம் என்ன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரிக்கச் சொல்வார். ஒரு பாதி பம்பாய்க்கு. மறுபாதி எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "கப்பல்ல போகுது" என்றார். குண்டு வெடிக்கிறவர்களுக்கே போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். நம்மூர்ப் பாலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

எல்லாவற்றையும்விட என்னைக் குடைந்தது வேறு. அவர் பால் சேர்த்த எதையும் தொடமாட்டார். காலையில் கடுங்காப்பி, மத்தியானம் ரசம் சாதம். மோர்கூடக் கிடையாது. என் மகளுக்கு அப்போது பால் குடி மறக்கும் வயது. என் மனைவி சரோஜா ஒருநாள், "குழந்தைக்குக் குடுக்கிற மாட்டுப் பாலை இன்னும் குடுக்கலாமா, வேணாமா? உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கேட்டேன். "தாராளமா குடு" என்றார், கடுங்காப்பியை ஆற்றிக்கொண்டே. நான் வீட்டுக்கு வந்து, பாலை நிறுத்திவிட்டுக் கேப்பைக் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். அந்த வாரம்தான் நானே கேப்பையையும் மாதிரிக்குக் கட்டி அனுப்பியிருந்தேன். அப்படி ஒரு காலம் அது. எதை நம்பி எதைச் சாப்பிடுவது என்று தெரியாது.

அனந்தபுரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அஞ்சலை வீடு. அவள் புருஷன் ஏழுமலைக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். மாடு ஏரிக்கரைப் புல்லை மட்டுமே மேயும், கடைத் தீவனம் கிடையாது. மழையில் வந்தது அப்படியே பாலில் வரும் என்பதால் அந்த மாட்டைத் தேர்ந்தெடுத்தோம். வாரம் ஒருமுறை செஞ்சி வரை பஸ், அனந்தபுரத்துக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து சைக்கிள். அஞ்சலை என் கண்ணெதிரே கறந்து ஊற்றுவாள். விலைக்குத்தான் வாங்கினோம். பாலை நாங்கள் உலையில் எரிக்கிறோம் என்று எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது.

"பாலை நெருப்புல உடலாமா? மாட்டு மடி வத்திப்பூடும்" என்றாள்.

"எரிக்கலம்மா, பொடி பண்றோம்."

"பொடி பண்ணி?"

"சத்து எவ்வளவு இருக்குதுன்னு பாக்கிறோம்."

"ரெண்டு வருசமா பாத்துக்கினே இருக்கீங்க. இன்னும் தெரியலியா?" என்று கேட்டுவிட்டுச் செம்பை நீட்டினாள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு பெண் குழந்தை இருக்கும். பச்சையம்மா என்று பெயர், பச்சை என்று கூப்பிடுவாள். என் பாட்டில் மூடியை வாங்கி விளையாடும். திருப்பிக் கேட்டால் தராது.

ருஷ்யாவின் வடகோடியில் எல்லாவற்றிலும் பெரிய குண்டை வெடித்த செய்தி வந்ததற்குப் பின்னர் நடந்தது இது. ஒருநாள் தணிகாசலம் சார் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மேலேர்ந்து எலும்பு கேக்கறாங்க" என்றார்.

"மாட்டு எலும்பா சார்?"

"குழந்தை எலும்பு. வளர்ற எலும்புலதான் அது அதிகம் சேரும். உலகம் முழுக்க எடுத்துப் பாக்கறாங்களாம். விழுப்புரத்துல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். அவர் ஆஸ்பத்திரியில இன்னிக்கு ஒரு குழந்தை இறந்திருக்கு. கால் எலும்புல ஒரு துண்டு தரேன்னு சொல்றார். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்துடு."

"பெத்தவங்ககிட்ட சொல்லியாச்சா சார்?"

"அதை டாக்டர் பார்த்துப்பார்." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இப்போது இல்லை, பெயர் வேண்டாம். தகரம் அடித்த என் மரப்பெட்டியோடு தாழ்வாரத்தில் ஏறியபோது, தூண் ஓரமாக அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஏழுமலை துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். மூளைக் காய்ச்சலாம். மாட்டு வண்டியில் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். இறந்தது பச்சை.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவள் வீட்டுப் பாலை நான் எடுத்துப்போகும் அதே பெட்டி.

"நீ எதுக்கு வந்த?"

"இங்க ஒரு வேலையாம்மா."

"ஆஸ்பத்திரில உனுக்கு என்னா வேல?"

நேராக டாக்டர் அறைக்குப் போனேன். "வந்துட்டீங்களா, உக்காருங்க, அஞ்சு நிமிஷம்" என்றார் டாக்டர். பெற்றவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னா ஒத்துப்பாங்களா? துணியைச் சுத்திக் குடுத்துட்டா அவங்களுக்கு என்ன தெரியப் போவுது."

"அப்ப வேணாம் சார். குழந்தைய அப்படியே குடுத்துடுங்க."

"கேட்டது உங்க ஆபீசர்."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அறையை விட்டு நகரவில்லை. குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி ஏழுமலை கையில் கொடுக்கிற வரைக்கும், பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எனக்கே டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை.

வண்டியில் ஏறும்போது அஞ்சலை திரும்பினாள். அழவில்லை. "எம் மாட்டுப் பாலை வாரா வாரம் எடுத்துக்கினு போன. எம் புள்ள செத்ததும் பொட்டியத் தூக்கிக்கினு வந்து நிக்கிற. நீ என்னாத்தயோ தெரிஞ்சிக்கினுதான் வந்திருக்கிற" என்றாள்.

காலிப் பெட்டியோடு திண்டிவனம் திரும்பினேன். நடந்ததைச் சொன்னேன். தணிகாசலம் சார் முகம் கறுத்தது. "உன்னை யார் கேள்வி கேக்கச் சொன்னா?" என்றார்.

"சார், அது அஞ்சலை குழந்தை. நாம பால் எடுக்கிற வீடு."

அவருக்கு அது தெரியாது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அடுத்த வாரம் அந்த ஊரில் எனக்கு யாரும் பால் கொடுக்கவில்லை. பாலில் குண்டு விஷம் இருக்கிறது, கவர்மெண்டுக்குத் தெரிந்தும் மறைக்கிறார்கள், அதைக் குடித்துத்தான் பச்சை செத்தது என்று பேச்சுப் பரவியிருந்தது. அனந்தபுரத்தில் அந்த ஊர்ப் பாலை வாங்க ஆளில்லை. பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் சினைமாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். ஏழுமலை நாலைந்து பேரோடு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். "ஒண்ணு சொல்லுங்க, இல்லன்னா எழுதிக் குடுங்க. ஊரே பேஜார்ல கெடக்குது" என்றான்.

வாயை மூடு என்பதுதான் எங்களுக்கு உத்தரவு. தணிகாசலம் சார் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாளைக்கு நானே வர்றேன்" என்றார்.

போனோம். அஞ்சலை வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். ஊர் சுற்றி நின்றது. சார் உட்கார்ந்ததும் அஞ்சலை உள்ளே போய், ஒரு லோட்டா நிறையப் பால் கொண்டுவந்து அவர் எதிரில் நீட்டினாள்.

"குடிங்க. அப்பறமா பேசலாம்."

அவர் லோட்டாவைப் பார்த்தார். "எனக்குப் பால் ஒத்துக்காதும்மா. சின்ன வயசிலேர்ந்தே" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் சொன்னது பொய் என்றே நானும் நினைத்தேன். இருந்தாலும் நிலைமை கெட்டுப்போகும் என்று, "குடுங்கம்மா, நான் குடிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

அஞ்சலை தரவில்லை. "நீ குடிச்சா என்னா, குடிக்காட்டி என்னா. நீ சொன்னதச் செய்யற ஆளு. அவுரு வெவரம் தெரிஞ்சவுரு. அவுரு குடிக்கட்டும்."

தணிகாசலம் சார் லோட்டாவை வாங்கினார். ஒரே மூச்சில் இல்லை, வாய் வாயாகக் குடித்தார். நெற்றியில் வியர்வை. கடைசிச் சொட்டு வரை குடித்து லோட்டாவைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். பிறகு பேசினார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

"குண்டு வெடிக்கிறாங்கம்மா. எங்கியோ தூரத்துல. அதோட தூசி உங்க பால்ல இருக்கு. கொஞ்சம்தான். திண்டிவனத்துப் பால்லயும் இருக்கு, பம்பாய்ப் பால்லயும் இருக்கு, வெடிக்கிறாங்களே அவங்க குழந்தைங்க குடிக்கிற பால்லயும் இருக்கு. உங்க குழந்தை அதனால சாகல. மூளைக் காய்ச்சல். அது வேற."

"அப்ப எதுக்கு எடுத்துக்கினு போனீங்க?"

"ஏறுதா எறங்குதான்னு பாக்க."

"ஏறுனா?"

அவர் கவிழ்த்து வைத்த லோட்டாவைப் பார்த்தார். அவள் விடவில்லை. "அன்னிக்கு இந்த ஆளு பொட்டி கொண்டாந்தான். அதுல என்னா எடுத்துக்கினு போவ?"

நான் சாரைப் பார்த்தேன். மருந்து என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"உங்க குழந்தையோட எலும்பு" என்றார். "நான்தான் கேட்டு அனுப்பினேன். இவன் எடுக்க மாட்டேன்னு வந்துட்டான். தப்பு என்னுது."

மாட்டுக் கொட்டகையில் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. ஏழுமலை கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்தான். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுந்து போயிடுங்க. இனிமே இந்த ஊருக்குள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அஞ்சலை தரையிலிருந்த லோட்டாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் எல்லை தாண்டி, மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் சார் குனிந்து வாந்தி எடுத்தார். நான் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "தூசி இல்லப்பா. பால். சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீயும் என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தே, இல்ல?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போனதும் சரோஜாவிடம், மறுபடியும் குழந்தைக்குப் பால் கொடு என்று சொன்னேன்.

ஒரு மாதத்துக்குள் அந்த ஊர்ப் பால் பழையபடி அனந்தபுரத்தில் விலை போனது. ஆபீசர் குடித்ததை நாலு ஊர் பேசியிருக்கிறது. எங்களுக்கு மட்டும் அவர்கள் தரவில்லை. நான் கண்டாச்சிபுரத்துப் பக்கம் வேறு மாடு தேடிக்கொண்டேன். எலும்பு இந்த ஜில்லாவில் கிடைக்காது என்று சார் மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டார். வெளியாட்களிடம் வேலை ரகசியத்தைப் பேசினார் என்று அவர்மேல் புகார் போனது. போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்கு டாக்டர் மேல்தான் சந்தேகம். சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது பீரோவைத் திறந்து, அதுவரை வந்த முடிவுகளையெல்லாம் என் எதிரில் வைத்து, "படிச்சுட்டுப் பூட்டு" என்றார். படித்தேன். அஞ்சலையிடம் அவர் சொன்னதுதான் இருந்தது. எல்லா ஊர்ப் பாலிலும் இருந்தது, கொஞ்சம்தான். ஆனால் அளவு வருடா வருடம் ஏறிக்கொண்டும் இருந்தது.

அறுபத்து மூன்றில் வல்லரசுகள் ஒப்பந்தம் போட்டன. இனி வானத்திலும் கடலிலும் வெடிப்பதில்லை என்று கையெழுத்து. அடுத்த சில வருடங்களில் எங்கள் கோந்துக் காகிதத்தில் விழுவது குறைந்துகொண்டே வந்தது. அப்போது எனக்கு அஞ்சலை ஞாபகம் வந்தது. வராதே என்றவர்கள் வீட்டுக்குப் போவது சரியா என்று யோசித்தேன். போனேன்.

அவள் கிணற்றடியில் நின்றிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் தள்ளி நின்றபடியே, பெரிய குண்டுகளை இனிமேல் வானத்தில் வெடிக்கமாட்டார்கள், பாலில் தூசி குறைந்துவிட்டது, இன்னும் குறையும் என்று சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றும் சொன்னேன்.

"அப்ப குண்டையே உட்டுட்டாங்களா?"

"இல்ல. பூமிக்குள்ள குழி தோண்டி வெடிக்கிறாங்க."

அவள் கயிற்றைப் பிடித்தபடி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வெகு ஆழத்தில் கிடந்தது.

"பூமிக்குள்ளயா?" என்றாள். "தண்ணியும் அங்கதான இருக்குது?"

அது வேறு தேசம், வேறு பாறை, ஆபத்தில்லை என்றெல்லாம் சொல்ல எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாய் வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.